கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஒரு 'ஆர்'

எங்க ஊர் கொழிஞ்சாம்பாறை. அம்மாவுக்குப் பாலக்காட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் பித்தப்பை ஆபரேஷன். வீட்டுக்கு வந்த பிறகும் தையலில் சீழ் நிற்கவில்லை, காய்ச்சல் வேறு. டாக்டர் கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அதே ஆன்டிபயாட்டிக்கைத் தொடரச் சொன்னார்.

சீழ் பிடித்ததாலேயே கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது, கைராசிக்காரரிடமும் நடக்கும். அந்தப் பிரித்துப் பார்க்காததுதான் எனக்கு உறுத்தல். கேஸ் ஷீட் நகல் கேட்டு எழுதிக் கொடுத்தேன். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002 மருத்துவக் கவுன்சில் விதி. அதைச் சொல்லும்வரை மழுப்பல்தான், சொன்னதும் "நாளைக்கு வாங்க சேட்டா."

உள்ளே கல்ச்சர் ரிப்போர்ட், சீழில் இருப்பது என்ன கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் பரிசோதனை முடிவு. அம்மா விழுங்கிக்கொண்டிருந்த மருந்துக்கு நேரே 'ஆர்', ரெசிஸ்டன்ட். அதாவது, அந்தக் கிருமியிடம் அது பலிக்காது. ரிப்போர்ட் தேதியோ டிஸ்சார்ஜுக்கு முந்தியது!

கோவையில் வேறொரு சர்ஜனிடம் காட்டினோம். மருந்தை மாற்றினார், புண் காய்ந்தது. அவர் கருத்தை எழுத்தில் வாங்கி, பில்களோடு பழைய மருத்துவமனைக்குப் புகார் கொடுத்தேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 வருஷ அவகாசம் இருப்பதையும் அதில் குறிப்பிட்டேன். இழுத்தடித்து, பிந்தைய செலவைத் திருப்பித் தந்தார்கள். ஒரிஜினல் ரிப்போர்ட்டைக் கேட்டார்கள், ஜெராக்ஸ்தான் கொடுத்தேன்.