நடந்துகொண்டிருக்கும் சின்னத் தொழிலை விலைக்கு வாங்கும்போது

தொழிற்சாலையில் பல வருடம் இயந்திரப் பராமரிப்பு பார்த்துவிட்டு, நாற்பதைத் தாண்டிய பிறகு ஒரு சிறிய லேபிள் அச்சகத்தை வாங்கினேன். எம்.பி.ஏ. படித்ததில்லை. அது இல்லாமலும் தொழில் வாங்கலாம். ஆனால் இப்போதைய முதலாளி கிளம்பிய பிறகும் இந்த வருமானம் வருமா என்பது தெரியாமல் வாங்கவே கூடாது.

உங்கள் கைப்பழக்கம் உதவுகிற தொழிலாகத் தேடுங்கள். எனக்கு அச்சு வேலை தெரியாது. ஆனால் ஓடுகிற சத்தத்தை வைத்தே பேரிங் தேய்ந்திருப்பதைச் சொல்லிவிடுவேன். விலை பேசும்போது அது கைகொடுத்தது.

அதிக நேரம் லாபக் கணக்குக்குத்தான் வேண்டும். வருட லாபம் 100 என்று விற்பவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். அவர் தன் உழைப்புக்குச் சம்பளம் எழுதியிருக்க மாட்டார்; அதே வேலைக்கு ஆள் வைத்தால் 45 போகும். தள்ளிப்போட்ட ரிப்பேருக்கும் தேய்ந்த இயந்திரத்துக்கும் 15. கடன் வாங்கியிருந்தால் தவணைக்கு 30. மிஞ்சுவது 10தான். வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு, விற்பனை பில் மூன்றையும் குறைந்தது 3 வருடத்துக்குக் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். "கணக்கில் வராத விற்பனை நிறைய இருக்கு" என்று சொன்னால் அதற்காக விலையை ஒரு காசுகூட ஏற்றாதீர்கள்.

அப்புறம், வாடிக்கையாளர் வாரியாக விற்பனைப் பட்டியல் கேளுங்கள். நான் பார்த்த ஓர் இடத்தில் பாதி ஆர்டர் முதலாளியின் மைத்துனரிடமிருந்து வந்துகொண்டிருந்தது. இயந்திரமெல்லாம் அருமை, ஆனாலும் வேண்டாமென்று வந்துவிட்டேன்.

தொழிலாளர்களைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. என் அச்சகத்தில் வாடிக்கையாளர் கேட்கும் நிறத்துக்கு மை கலக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர். அவர் போனால் பாதித் தொழில் போய்விடும். விற்பனைச் செய்தி வெளியே தெரியக் கூடாது என்று விற்பவர் நினைப்பது நியாயம்தான். அதனால், கையெழுத்துக்கு முன் அப்படிப்பட்டவரைச் சந்தித்துப் பேச அனுமதி வேண்டும் என்பதை ஒரு நிபந்தனையாகவே வையுங்கள். அவர் உங்களோடு இருப்பாரா, என்ன எதிர்பார்க்கிறார் என்று நேரில் கேளுங்கள்.

நிறுவனத்தின் பங்குகளை வாங்கினால் பழைய கடன், வரி பாக்கி, வழக்கு எல்லாம் கூடவே வரும். இயந்திரம், பெயர், வாடிக்கையாளர் பட்டியல் என்று சொத்தாக வாங்கினால் அந்தச் சுமை பெரும்பாலும் விற்பவரிடமே நிற்கும். எது எந்த அளவுக்கு என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆகவே வக்கீலுக்கும் கணக்காளருக்கும் கொடுக்கும் பணத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். இடம் வாடகை என்றால், கட்டட உரிமையாளர் வாடகை ஒப்பந்தத்தை உங்கள் பெயருக்கு மாற்றித் தருவாரா என்பதும் எழுத்தில் வேண்டும்.

முழுத் தொகையையும் முதலிலேயே கொடுக்காதீர்கள். ஒரு பகுதியைத் தவணையாக வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். தொழில் நன்றாக ஓடினால்தான் மீதி வரும் என்றால் விற்பவர் மனதாரக் கற்றுத்தருவார். சில மாதம் கூட இருப்பார், பக்கத்திலேயே போட்டிக்கடை போடமாட்டார் என்ற இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

கையிலிருப்பது மொத்தத்தையும் விலையில் போட்டுவிடாதீர்கள். வாடிக்கையாளர் பணம் தர இரண்டு மாதம் ஆகலாம்; சம்பளமும் காகிதக் கடையும் அதுவரை காத்திருக்காது. அதற்கான தொகையைத் தனியே எடுத்துவைத்த பிறகு மிஞ்சுவதிலிருந்தே விலை பேசுங்கள்.