பாரிசவாதச் சிகிச்சையும் மீளாய்வுகளும்: வாசிக்கும்போது நாம் விடும் பிழைகள்

வெள்ளவத்தையில் இருந்து வந்த ஒரு மகன், பாரிசவாதம் (ஸ்ட்ரோக்) வந்து கை விழுந்த அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடி போனை நீட்டினார். "டொக்டர், இதைக் கொஞ்சம் பாருங்கோ. அப்பாவுக்கு இந்தக் குளிசையைக் குடுத்தால் கை கெதியாய் வருமாம். 52 ஆய்வைச் சேர்த்துப் பார்த்துத்தான் எழுதியிருக்கினம்."

குளிசையின் பெயர் புளுவொக்செட்டின். மனச்சோர்வுக்குக் கொடுப்பது. அவர் காட்டியது வட்சப் வதந்தியும் அல்ல, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் என்ற சர்வதேச அமைப்பின் முறைசார் மீளாய்வு. ஒரு கேள்வியை முதலே வரையறுத்து, அதற்காக உலகில் எங்கெங்கோ நடந்த ஆய்வுகளை எல்லாம் தேடி எடுத்து, தரம் பார்த்து, இயன்றால் எண்களையும் ஒன்றாய்க் கூட்டிச் சொல்வதுதான் முறைசார் மீளாய்வு. என்னோடு நின்ற பயிற்சி வைத்தியர், "கொக்ரேன் என்றால் பிறகென்ன?" என்பதுபோல என்னைப் பார்த்தார்.

பிறகுதான் எல்லாமே இருக்கிறது.

அந்தப் பக்கத்தில் இருந்த ஆண்டு 2012. அதற்கு முந்திய ஆண்டு பிரான்சில் 118 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு, புளுவொக்செட்டின் எடுத்தவர்களுக்குக் கை கால் அசைவு கூடுதலாகத் தேறியது என்றது. மீளாய்வும் 52 ஆய்வுகளைக் கூட்டி, ஏறக்குறைய 4,000 பேரின் கணக்கைப் பார்த்து, பலன் இருக்கும்போலத் தெரிகிறது என்றது. ஆனால் பல ஆய்வுகள் தரத்தில் ஓட்டை உள்ளவை, பெரிய ஆய்வுகள் தேவை என்றும் அதே பக்கத்தில் எழுதியிருந்தது. மகன் அந்த வரி வரைக்கும் போகவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். வாட்டில் வேலை செய்யும் நாங்களே பல நாள் போவதில்லை.

பெரிய ஆய்வுகள் பிறகு வந்தன. 2018 கடைசியில் பிரித்தானியாவின் ஃபோகஸ் ஆய்வு, 3,127 பேர். 2020இல் அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, வியட்நாம் சேர்ந்து செய்த அஃபினிட்டி, 1,280 பேர். அதே ஆண்டில் சுவீடனின் எஃபெக்ட்ஸ், 1,500 பேர். ஆறு மாதம் குளிசை குடித்தவர்களுக்கும் வெற்றுக் குளிசை குடித்தவர்களுக்கும் அன்றாட வேலைகளைச் செய்துகொள்வதில் வித்தியாசம் இல்லை. ஃபோகஸில் மனச்சோர்வு 100க்கு 17இல் இருந்து 13ஆகக் குறைந்தது. எலும்பு முறிவோ 100க்கு ஒன்றரையில் இருந்து மூன்றாகக் கூடியது. ஏற்கெனவே ஒரு கால் இழுபடுகிறவருக்கு இடுப்பெலும்பும் உடைந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கொக்ரேனும் அடுத்தடுத்த பதிப்புகளில் தன் முடிவை மாற்றிக்கொண்டது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது திகதி. அதிலும் வெளியான திகதியை விட, ஆய்வுகளைத் தேடி முடித்த திகதி முக்கியம். மீளாய்வுக்கும் காலாவதித் திகதி உண்டு, பால்மா பக்கெட் போல அடியில் அச்சடித்திருக்காது, அவ்வளவுதான். மூளை இரத்தக்குழாயில் அடைத்த இரத்தக்கட்டியைக் கம்பி விட்டு இழுத்தெடுக்கும் சிகிச்சையைப் பற்றி 2013இல் மூன்று ஆய்வுகள் வந்து கையை விரித்தன. 2015இல் வந்த ஐந்து ஆய்வுகள் கதையையே மாற்றின. 2014இல் தேடல் முடித்த மீளாய்வை இன்று கையில் எடுத்தால், இருக்கிற நல்ல சிகிச்சையை இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவீர்கள்.

அடுத்தது, அந்த 52 என்ற எண்ணில் மயங்குவது. 4,000ஐ 52ஆல் பிரித்துப் பாருங்கள், ஓர் ஆய்வுக்கு 80 பேர் கூட வராது. சின்ன ஆய்வுகளுக்கு ஒரு குணம்: முடிவு நல்லதாய் வந்தால் அச்சேறும், வராவிட்டால் லாச்சிக்குள் கிடக்கும். தண்ணீர் கலந்த பாலை எத்தனை போத்தல் சேர்த்து ஊற்றினாலும் அது தண்ணீர்ப் பால்தான். இதற்கு மறுபக்கம் அஸ்பிரின். இரத்தக்குழாய் அடைப்பால் வந்த பாரிசவாதத்துக்கு 48 மணித்தியாலத்துக்குள் அஸ்பிரின் தொடங்குவது பற்றிய கொக்ரேன் மீளாய்வின் 2014 பதிப்பில் ஆய்வுகள் எட்டே எட்டு. ஆட்களோ 41,483. அதிலும் 98 வீதமான தரவு 1997இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில் இருந்து வந்தது. எனக்கு அந்த எட்டில் இருக்கிற நம்பிக்கை 52இல் இல்லை.

அஸ்பிரினைத் தொட்டதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நெஞ்சு நோவுக்கு அஸ்பிரின் கடிக்கக் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டு, வாய் கோணியவருக்கும் வீட்டிலேயே கொடுத்துவிட்டு வருகிறார்கள். "ஆய்வில நல்லம் எண்டுதானே போட்டிருக்கு?" என்று கேட்ட படித்த ஆட்களையும் கண்டிருக்கிறேன். அந்த மீளாய்வு பேசுவது அடைப்பால் வந்ததைப் பற்றி. இரத்தக்கசிவால் வந்ததா என்று சீ.ரி. ஸ்கான் எடுக்காமல் யாராலும் சொல்ல முடியாது, எங்கள் பக்க நாடுகளில் கசிவு அரிதும் அல்ல. விழுங்கும் தன்மை போயிருந்தால் குளிசையும் தண்ணீரும் சுவாசப்பையில் போய் நிற்கும். வீட்டில் செய்ய வேண்டியது, இலங்கையில் 1990 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைப்பது. சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை. கடைசியாக எத்தனை மணிக்கு ஆளை நல்லபடி கண்டீர்கள் என்று நினைவு வைத்திருங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியின் கணக்கு அந்த மணியில் இருந்துதான் ஓடும். அது பற்றிய 2014 மீளாய்வில் (27 ஆய்வுகள், 10,187 பேர்) முதல் மூன்று மணித்தியாலத்துக்குள் போட்டவர்களுக்கே பலன் கூட. மூளையில் இரத்தம் கசியும் ஆபத்தும் அதே மீளாய்வில்தான் எழுதியிருக்கிறது. முதல் வரியை வாசித்துவிட்டு இரண்டாவதை விடுவதும் ஒரு பிழை.

இனி எனக்கு மிகவும் எரிச்சல் தருகிற பிழை: எதோடு ஒப்பிட்டார்கள் என்று பாராமல் விடுவது.

2015இல் அவெர்ட் என்ற ஆய்வு வந்தது. ஐந்து நாடுகள், 56 வைத்தியசாலைகள், 2,104 பேர், மலேசியாவும் சிங்கப்பூரும் அதில் உண்டு. பாரிசவாதம் வந்து 24 மணித்தியாலத்துக்குள் நோயாளியை அடிக்கடி எழுப்பி, இருத்தி, நிறுத்தி, நடக்கவைத்தால் சீக்கிரம் தேறுவாரா என்பது கேள்வி. மூன்று மாதத்தில் நன்றாகத் தேறியவர்கள் வழமையான பராமரிப்பில் 100க்கு 50, அடிக்கடி எழுப்பிய குழுவில் 46. 2018இல் வந்த மீளாய்வும், மிக முந்தி எழுப்புவதால் தேறுகிறவர்களின் தொகை கூடவில்லை என்றது.

இதை வாசித்துவிட்டு ஒரு வாட்டில் (எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை) மூன்று நாள் கட்டிலை விட்டு எழும்பக்கூடாது என்று ஓர் இளம் வைத்தியர் எழுதி வைத்தார். பிசியோ வந்தார், சீட்டைப் பார்த்தார், போனார். நான்காம் நாள் நோயாளியின் குதிக்காலில் தோல் சிவந்திருந்தது, நெஞ்சில் சளி கரகரத்தது. அவெர்ட்டில் 'வழமையான பராமரிப்பு' என்றால் என்ன தெரியுமா? அந்தக் குழுவிலும் பாதிப் பேர் ஏறக்குறைய 22 மணித்தியாலத்துக்குள் முதல்தரம் எழும்பிவிட்டார்கள். மற்றக் குழுவில் பாதிப் பேர் 18½ மணித்தியாலத்துக்குள். வித்தியாசம், ஒரு நாளைக்கு எத்தனை தரம், எவ்வளவு நேரம் என்பதில்தான். படுக்கவைத்த ஆட்களோடு யாரும் ஒப்பிடவே இல்லை. ஆய்வின் 'வழமை' வேறு, எங்கள் வாட்டின் வழமை வேறு. நோயாளி நிறைந்து, ஆளணி குறைந்த வாட்டில் இது பெரிய வித்தியாசம்.

'பலன் தெரியவில்லை' என்பதை 'தேவையில்லை' என்று வாசிப்பதும் இதன் தம்பிதான். இந்தியாவில் 14 வைத்தியசாலைகளில் 1,250 பேரோடு நடந்த அட்டென்ட் ஆய்வில், குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டில் செய்யவைத்த புனர்வாழ்வால் மேலதிக பலன் வரவில்லை. வழமையாகக் கிடைத்ததற்கு மேல் அதைச் சேர்த்தும் கூடவில்லை என்பதுதான் அர்த்தம். வீட்டில் கையை அசைக்கவே வேண்டாம் என்று அது சொல்லவில்லை.

மருந்தையே தேடித் தேடி வாசிப்பதை என்னவென்று சொல்ல? அஸ்பிரினால் 1,000 பேரில் கூடுதலாக 13 பேர் பிறர் தயவின்றி வாழ்கிறார்கள். பாரிசவாதத்துக்கென்றே தனி வாட் வைத்து, அதே வேலை தெரிந்த வைத்தியர், தாதி, பிசியோ எல்லாரும் ஒன்றாய் இருந்து கதைத்துப் பார்த்தால்? 2020 மீளாய்வு (29 ஆய்வுகள், 5,902 பேர்) சொல்வது, 100 பேரில் இரண்டு பேர் கூடுதலாக உயிர் தப்புகிறார்கள், ஆறு பேர் கூடுதலாகத் தங்கள் அலுவலைத் தாங்களே பார்க்கிறார்கள். நோயாளிகள் வேறு வேறு என்பதால் இரண்டையும் அப்படியே தராசில் வைக்க முடியாது, சரி. ஆனாலும் புதுக் குளிசை பற்றி என்னிடம் கேட்ட பத்துப் பேரில் ஒருவர் கூட, "உங்களிடம் அப்படி ஒரு வாட் இருக்கிறதா?" என்று கேட்டதில்லை.

கொக்ரேன் சுருக்கங்கள் சில தமிழிலும் கிடைக்கின்றன. வீட்டார் வாசிக்கலாம், வாசிக்கவும் வேண்டும். மொழிபெயர்த்த பிறகு ஆங்கிலப் பக்கம் புதுப்பிக்கப்பட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளவத்தை மகனுக்கு இதை எல்லாம் சொல்லவில்லை. 2012 என்ற எண்ணைக் காட்டி, புதிய பதிப்பைத் திறந்து கொடுத்தேன். வாசித்து முடித்தவர் கொஞ்சம் பேசாமல் நின்றார். "அப்பா எப்பிடி, ஆக்களோட கதைக்கிறாரா?" என்று கேட்டேன்.

"கதைக்கிறார். ஆனால் இரவில அந்தக் கையைப் பார்த்து அழுறார், டொக்டர்."

கை வருமா என்பது ஒரு கேள்வி, அழுகை நிற்குமா என்பது வேறு கேள்வி. பாரிசவாதத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பற்றித் தனியாக ஒரு கொக்ரேன் மீளாய்வு இருக்கிறது. கதிரையை இழுத்துப் போட்டு, இரண்டு பேருமாக அதன் திகதியில் இருந்து தொடங்கினோம்.