ஒரே நிரல், ஐந்து மொழிகள்

கோ (Go) என்ற நிரலாக்க மொழியைக் கற்க நான் முதலில் தேர்ந்தெடுத்த வழி, பாடக் காணொளி பார்ப்பது. ஆறு வாரம், தினம் ஒரு மணி நேரம். பார்க்கும்போது எல்லாம் புரிந்தது. ஏழாவது வாரம் வெற்றுத் திரைமுன் உட்கார்ந்தால், ஒரு கோப்பைத் திறந்து வரி வரியாகப் படிக்கக்கூடக் கை வரவில்லை. பதினோரு ஆண்டுகள் ஜாவாவில் பிழைத்தவன் நான்!

அந்த அவமானத்துக்குப் பிறகு பிடித்துக்கொண்ட வழியைத்தான் இங்கே சொல்கிறேன். ஏற்கெனவே ஒரு மொழியில் நன்றாக எழுதத் தெரிந்தவர்களுக்கு மட்டும் இது பொருந்தும். முதன்முதலாக நிரல் எழுதுபவர்களுக்கு வேறு பாதை வேண்டும்.

உங்களுக்குத் தலைகீழாகத் தெரிந்த சிறு நிரல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். என்னுடையது வீட்டுச் செலவுக் கணக்கு. தேதி, வகை, தொகை என்று காற்புள்ளியால் பிரித்த வரிகள் உள்ள கோப்பைப் படிக்கும். மாதவாரியாக, வகைவாரியாகக் கூட்டும். பெரிய செலவிலிருந்து சிறியது வரை வரிசைப்படுத்தி அச்சிடும். ஜாவாவில் சுமார் 150 வரி. கோப்பு, எழுத்துச்சரம், தேதி, மேப் (பெயரைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் அமைப்பு), வரிசையாக்கம், பிழை கையாளல், பணத்தின் தசமப் புள்ளி என்று அன்றாட வேலையில் வருவதெல்லாம் இதற்குள் வந்துவிடுகிறது. என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்த விஷயமாக இருப்பதால், இந்த மொழியில் எப்படிச் செய்கிறார்கள் என்பது மட்டுமே கேள்வியாக மிஞ்சும். புதிய மொழியில் புதிய கனவுத் திட்டம் ஒன்றைத் தொடங்குபவர்களைக் கண்டால் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது. எது மொழியின் சிக்கல், எது திட்டத்தின் சிக்கல் என்று அவர்களால் பிரிக்கவே முடிவதில்லை.

அடுத்து, ஒரு நோட்டு. ஒவ்வொரு துண்டையும் ஓட்டுவதற்கு முன் என்ன விடை வரும் என்று எழுதி வையுங்கள். ஊகம் பலித்தால் விட்டுவிடுங்கள். பொய்த்தால் அதுதான் அன்றைய பாடம்.

என் நோட்டிலிருந்து ஓர் உதாரணம். ஜாவாவில் வகைவாரிக் கூட்டுத்தொகைகளை ஹேஷ்மேப் என்ற மேப்பில் வைத்திருந்தேன். தொகைப்படி வரிசைப்படுத்தும் முன் அச்சிட்டுப் பார்த்தால், எத்தனை முறை ஓட்டினாலும் வகைகள் ஒரே வரிசையில்தான் வந்தன. அதையே கோ மொழியில் எழுதினேன். (‘கோவில்’ என்று எழுதினால் சாமி கும்பிடும் இடமாகிவிடுகிறது, மன்னிக்கவும்.) முதல் ஓட்டத்தில் வாடகை, மருந்து, மின்சாரம். இரண்டாவது ஓட்டத்தில் மின்சாரம், வாடகை, மருந்து. என் நிரலில்தான் தவறு என்று ஒரு மாலை முழுவதும் தேடினேன். தவறு எதுவும் இல்லை. மேப்பில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுக்கும் வரிசையை அந்த மொழி வேண்டுமென்றே கலைக்கிறது. யாரும் அந்த வரிசையை நம்பிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஜாவாவின் ஹேஷ்மேப்பும் வரிசைக்கு எந்த உத்தரவாதமும் தரவில்லை. பார்க்க ஒழுங்காக இருந்ததால் நான்தான் நம்பிக்கொண்டிருந்தேன். பைத்தானோ 3.7 பதிப்பிலிருந்து, போட்ட வரிசையிலேயே திருப்பித் தருவதை மொழியின் விதியாகவே வைத்திருக்கிறது. மூன்று மொழிகளில் ஒரே கேள்விக்கு மூன்று விடைகள். இதை எந்தக் காணொளியில் பார்த்திருந்தாலும் மறந்திருப்பேன்.

அதே நோட்டில் இன்னும் இரண்டு: -7ஐ 2ஆல் முழு எண்ணாக வகுத்தால் ஜாவாவில் -3, பைத்தானில் -4. ஜாவாஸ்கிரிப்டில் 10, 9, 1 ஆகியவற்றை வேறெதுவும் சொல்லாமல் வரிசைப்படுத்தினால் 1, 10, 9 என்று வரும். எண்களை எழுத்துகளாக்கி ஒப்பிடுகிறது.

நிறுவுவதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்து இறக்குங்கள், எடிட்டரை அலங்கரிப்பதில் வார இறுதியைத் தொலைக்காதீர்கள்.

கம்பைலர் (நாம் எழுதிய நிரலை இயந்திரத்துக்கு மாற்றித் தரும் மென்பொருள்) சொல்வதை முழுதாகப் படிக்கும் பழக்கம் எனக்கு ரஸ்ட் மொழியில்தான் வந்தது. வரிகளின் பட்டியலைக் கூட்டும் ஃபங்ஷனுக்கு அனுப்பிவிட்டு, அச்சிட அதே பட்டியலைத் தொட்டேன். கம்பைல் ஆகவில்லை. பட்டியலின் உரிமை அந்த ஃபங்ஷனுக்குப் போய்விட்டது, இனி அது உன்னுடையதல்ல என்றது செய்தி. எந்த வரியில் உரிமை கைமாறியது, அடுத்து எந்த வரியில் நான் தொட்டேன் என்று இரண்டையும் கோடிட்டுக் காட்டியது. பிழைக்கு ஓர் எண்ணும் உண்டு. அந்த எண்ணைக் கொடுத்துக் கம்பைலரிடமே விளக்கம் கேட்டால், சிறு உதாரணத்தோடு சொல்லித் தருகிறது. செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் கேட்பதும் தவறில்லை, ஆனால் உங்கள் ஊகத்தை நோட்டில் எழுதிய பிறகு கேளுங்கள். முதல் வடிவத்தை அதனிடமே எழுத விட்டால், நான் ஆறு வாரம் காணொளி பார்த்த கதைதான்.

நிரல் ஓடிவிட்டதா? மூடிவைத்துவிட்டு இரண்டாம் முறை எழுதுங்கள். என் முதல் கோ நிரல், சட்டை மாற்றிய ஜாவா. ஒவ்வொரு தரவுக்கும் கெட்டர், செட்டர் என்று படிக்க ஒரு ஃபங்ஷன், மாற்ற ஒரு ஃபங்ஷன். பிழை வந்தால் திருப்பி அனுப்பாமல், ஜாவாவில் எக்ஸெப்ஷன் எறிகிற நினைப்பில், நிரலையே நிறுத்திவிடும் பேனிக்கை அழைத்திருந்தேன். அம்மொழியின் அடிப்படை லைப்ரரி (மொழியோடு வரும் ஆயத்த நிரல்களின் தொகுப்பு) பெரும்பாலும் அதே மொழியில் எழுதப்பட்டது. எழுத்துச்சரப் பகுதியின் மூல நிரலை இரண்டு மாலை படித்துவிட்டுத் திரும்ப எழுதியதில் வரிகள் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் வேறொருவர் படிக்கும்படி இருந்தது.

மொழி வேறு, நிரல் ஓடும் தளம் வேறு. ஆண்ட்ராய்டுச் செயலி எழுதப் பயன்படும் கோட்லின் மொழி எனக்கு இரண்டு வாரத்தில் கைவந்தது. ஆண்ட்ராய்டு ஆறு மாதம் ஆட்டிவைத்தது. கணக்கு நிரலுக்கு ஒரு திரை வைத்து, பாதிச் செலவை உள்ளிட்டபின் போனைப் பக்கவாட்டில் திருப்பினேன். அதுவரையிலான கூட்டுத்தொகை காணாமல் போயிற்று. திரை திரும்பினால் ஆக்டிவிட்டியை (ஒரு திரையை நடத்தும் நிரல் பகுதியை) அழித்துப் புதிதாக உருவாக்குவதே அங்கே இயல்பான நடைமுறை. நான் என் நிரலை நானே ஓட்டுவதாக நினைத்திருந்தேன். அங்கே அதை எழுப்புவதும் கொல்வதும் தளம். ஆகவே எந்தப் புதிய தளமானாலும் முதல் நாளே கேளுங்கள்: என் நிரலை யார் அழைக்கிறார்கள், எப்போது அழிக்கிறார்கள், அழியும் முன் எதைக் காப்பாற்ற இடம் தருகிறார்கள்? ஆண்ட்ராய்டில் திரையின் தரவை வைத்திருக்கும் வியூமாடல், திரை திரும்புவதைத் தாங்கும், ஓடிக்கொண்டிருக்கும் செயலியையே தளம் கொன்றுவிட்டால் தாங்காது. இதைப் படித்து நம்ப வேண்டாம். டெவலப்பர் அமைப்புகளில், பயனர் நகர்ந்ததும் ஆக்டிவிட்டியை அழித்துவிடச் சொல்லும் விருப்பம் ஒன்று இருக்கிறது. அதை இயக்கிவிட்டு உங்கள் செயலிக்குள் பத்து நிமிடம் உலாவிப் பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மொழி போதும். தினம் நாற்பது நிமிடம் ஒதுக்குகிறேன். எங்கேயாவது முட்டி நிற்கும்போதே எழுந்துவிடுகிறேன், மறுநாள் எங்கே தொடங்குவது என்று தேட வேண்டியதில்லை. இப்போது ரஸ்டின் முறை நடக்கிறது. அதன் அடிப்படை லைப்ரரியில் நாட்காட்டித் தேதியே கிடையாது, வெளியிலிருந்து ஒரு லைப்ரரியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது நேற்றுத்தான் தெரிந்தது. பொய்த்த ஊகம், எண் முப்பத்தொன்று.