லினக்ஸ் பேக்கப்: எடுத்தும் எடுக்காத கதை

போன மாதம் தெரிந்த பையன் ஒருவன் தன் பேக்கப் ஸ்கிரிப்டைக் காட்டினான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் எழுதிவைத்த அதே வரி. வயிற்றைப் பிசைந்தது. பேக்கப் எடுக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், அதைச் சொல்ல நான் வரவில்லை. எடுத்துக்கொண்டிருப்பதாக நினைத்து நிம்மதியாகத் தூங்குகிறவர்களுக்குத்தான் இது.

டைம்ஷிஃப்ட் இருக்கிறதே என்று இருந்துவிடுவது

டைம்ஷிஃப்ட் என்ற மீட்புக் கருவி லினக்ஸ் மின்ட்டில் கூடவே வருவதால் பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது காப்பது சிஸ்டத்தை. நீங்களாகச் சேர்க்காவிட்டால் ஹோம் கோப்புறையில் இருக்கும் உங்கள் கோப்புகளைத் தொடாது. ஏதாவது அப்டேட் சொதப்பினால் பழைய நிலைக்குத் திரும்ப அருமையான கருவி. கல்யாணப் படங்களை அதை நம்பி விடாதீர்கள்.

ஆர்சிங்க்கோடு டெலீட்

இதற்குத்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

சொன்ன நேரத்தில் வேலையைத் தொடங்கிவைக்கும் கிரான், கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க்கை இரவு 2 மணிக்கு ஓட்டும். டேட்டா டிஸ்கில் இருப்பதெல்லாம் வெளி டிஸ்குக்கு நகலாகும். டெலீட் தெரிவும் போட்டிருப்பதால் மூலத்தில் அழித்தது நகலிலும் அழியும். குப்பை சேராது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

என் டேட்டா டிஸ்குக்கு நோஃபெயில் தெரிவு, அதாவது அந்த டிஸ்க் வராவிட்டாலும் துவக்கத்தை நிறுத்தாதே என்பது, போட்டு வைத்திருந்தேன். ஒருநாள் மின்சாரம் போய்வந்தபோது அந்த டிஸ்க் எழவில்லை, செத்துவிட்டது. நோஃபெயில் இருந்ததால் லினக்ஸ் சத்தமில்லாமல் துவங்கிவிட்டது. டிஸ்க் வந்து மவுன்ட் ஆக (இணைய) வேண்டிய கோப்புறை மட்டும் காலியாக இருந்தது. 2 மணிக்கு ஆர்சிங்க் எட்டிப் பார்த்தது. மூலத்தில் ஒன்றுமில்லையா? சரி, நகலிலும் ஒன்றும் வேண்டாம். படிப்பதில் பிழை வந்தால் அது அழிப்பதைத் தானாகவே நிறுத்தும். காலிக் கோப்புறை பிழை இல்லையே!

டிஸ்க் சாகிற அன்றைக்குத்தானே பேக்கப் வேண்டும்? அன்றைக்கே பார்த்து அதைத் துடைத்துவிடும் ஏற்பாட்டை என் கையாலேயே செய்து வைத்திருந்தேன். அப்புறம் அழிந்த கோப்புகளைத் தோண்டியெடுக்கும் ஃபோட்டோரெக்கை ஓட்டி, பெயரில்லாத ஆயிரக்கணக்கான படங்களை வாரக்கணக்கில் உட்கார்ந்து பிரித்தேன்.

ஆர்சிங்க்தான் வேண்டுமென்றால், ஸ்கிரிப்டின் முதல் வேலையாக மூலம், நகல் இரண்டும் மவுன்ட் ஆகியிருக்கின்றனவா என்று மவுன்ட்பாயின்ட் கட்டளையால் கேளுங்கள். இல்லையென்றால் அங்கேயே வெளியேறட்டும். மேக்ஸ்-டெலீட் தெரிவில் அதிகபட்சம் 100 அழிப்பு என்று ஒரு வரம்பும் வையுங்கள். என்னைக் கேட்டால், ஒவ்வொரு முறையும் தனிப் பிரதி வைக்கும் போர்க் அல்லது ரெஸ்டிக்குக்கு மாறுவது மேல். ஒரு ராத்திரி மூலம் காலியாக இருந்தாலும் முந்தைய பிரதிகள் அப்படியே இருக்கும். அதிலும் கடைசி மூன்று நாள் பிரதி போதும் என்று கஞ்சத்தனம் பண்ணினால், ஊருக்குப் போய்வருவதற்குள் மூன்றும் காலிப் பிரதிகளாகிவிடும். நான் தினப் பிரதி 7, வாரப் பிரதி 4, மாதப் பிரதி 6 வைத்திருக்கிறேன்.

லேப்டாப்பில் கிரான்

மூடி வைத்த லேப்டாப்பில் 2 மணிக்கு எதுவும் ஓடாது. கிரானுக்குப் பதில் லினக்ஸின் சிஸ்டம்டி டைமர் எழுதி, அதில் பெர்சிஸ்டென்ட்டை ட்ரூ ஆக்குங்கள். தவறிய வேலையைக் கணினி எழுந்ததும் செய்யும்.

எக்ஸ்ஃபேட் டிஸ்குக்கு ஆர்சிங்க்

வேண்டாம். கோப்பின் உரிமையாளரும் அனுமதிகளும் அந்த டிஸ்க் வடிவத்தில் தங்காது.

பேக்கப்பைத் திறக்கும் பாஸ்வேர்டை அதே கணினியில் மட்டும் வைப்பது

தாளில் எழுதி பீரோவில் வையுங்கள்.

மீட்டுப் பார்க்காமல் இருப்பது

மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு கோப்பை வேறு இடத்தில் மீட்டு, திறந்து பாருங்கள். அந்தப் பையனையும் என் முன்னாலேயே செய்யச் சொன்னேன். கோப்பு சரியாகவே திறந்தது. ஆனால் வெளி டிஸ்க் மேசை டிராயரில் கிடந்தது. மூன்று மாதமாக நகலெல்லாம் அது மவுன்ட் ஆக வேண்டிய கோப்புறைக்குள், அதாவது கணினியின் ரூட் டிஸ்கிலேயே குவிந்துகொண்டிருந்திருக்கிறது.