ஊர்ச் சமுதாயக் கூடம்: வரைபடத்துக்கு முன் போட வேண்டிய கணக்கு

சமுதாயக் கூடம் என்ற பேச்சு எழுந்ததும் ஊரில் முதலில் கேட்பது "எத்தனை பேர் உட்காரலாம்?" என்றுதான். அதற்கு முன் ஒரு நாள்காட்டியை விரித்து வையுங்கள். ஆடியும் மார்கழியும் போக, கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எல்லாம் சேர்ந்து வருடத்தில் 40 நாள் என்று வைத்தாலும் மீதி 325 நாள் அங்கே என்ன நடக்கும்? இதற்குப் பதில் இல்லாமல் கட்டிய கூடத்தில் வௌவால்தான் குடியிருக்கும்.

எனவே முதலில் வரைய வேண்டியது பெரிய கூடத்தை அல்ல, அதன் ஓரத்தில் வரும் 12க்கு 20 அடி அறையை. தெருவைப் பார்த்துத் தனி வாசல், தனிக் கழிப்பறை, தனி மின்மீட்டர், முன்னால் 5 அடி அகலத்தில் திண்ணை. மாலையில் பிள்ளைகள் படிக்க, மகளிர் குழு கூட, மருத்துவ முகாம் நடத்த இது போதும். இரண்டு மின்விசிறி ஓட்டுவதற்காகப் பெரிய கூடத்தைத் திறந்து, பிறகு பெருக்கிப் பூட்ட வேண்டியிருந்தால் நாலாவது வாரமே யாரும் வரமாட்டார்கள்.

இடம் பார்க்கும்போது இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். எல்லாத் தெருக்காரரும் தயங்காமல் நடந்து வரும் பொது இடமாக இருக்க வேண்டும். ஒரு சாராரின் கோயிலை ஒட்டிக் கட்டினால் மற்றவர்களுக்கு அது என்றைக்கும் அந்நியம்தான். இரண்டாவது, ஏரி, குளம், வாய்க்கால் புறம்போக்கு கூடவே கூடாது. பெருமழையில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பெரியவர்களைக் கேட்டு, தரைமட்டத்தை அதற்கு மேல் 2 அடி உயர்த்துங்கள். வெள்ளக் காலத்தில் ஊர் ஒதுங்கப்போவது அங்கேதான். வாசலில் 2 அடி ஏற்றம் இருந்தால் சாய்தளம் 24 அடி நீளம் வேண்டும்; ஓர் அடி ஏற்றத்துக்கு 12 அடி என்பது கணக்கு. இடம் இல்லை என்று 8 அடியில் முடித்தால் சக்கர நாற்காலியைத் தள்ள இரண்டு பேர் வேண்டியிருக்கும்.

கூடத்தின் நீளம் கிழக்கு மேற்காக ஓடட்டும். மேடை மேற்குக் கோடியில் வந்தால் மணமக்கள் கிழக்கு பார்த்து உட்காரலாம். மேடைக்குப் பின்சுவரில் ஜன்னல் வேண்டியதில்லை என்பதால் பிற்பகல் வெயிலும் உள்ளே வராது. வடக்கிலும் தெற்கிலும் வரிசையாக ஜன்னல், மேலே 2 அடி சன்ஷேடு. நாற்காலிக்கு 7 சதுர அடி வீதம் 200 பேருக்கு 1,400. நடைபாதையும் மேடை முன்னிடமும் சேர்த்தால் 30க்கு 55 அடி சரியாக வரும். கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், குறைந்தது இரண்டு.

வெறும் தகரக்கூரை போட்டால் மழை நாளில் மைக்கே கேட்காது. கான்கிரீட் கூரையும் வழவழப்பான சுவர்களும் சேர்ந்தால் எதிரொலி பேச்சை விழுங்கிவிடும். கிராமசபை நடக்க வேண்டிய இடத்தில் இது பெரிய குறை. மேடைக்கு எதிர்ச்சுவரில் தேங்காய் நார்ப் பலகை அடித்தால் நன்றாகவே குறையும்.

பந்திக் கணக்கில்தான் பலரும் தவறுகிறார்கள். இலைக்கு 2 அடி நீளம். மேசை ஒன்றரை அடி, நாற்காலி இரண்டரை அடி, பரிமாற மூன்றரை அடி என்று ஒரு வரிசைக்கு ஏழரை அடி அகலம். 15 பேர் வீதம் 5 வரிசை, ஓரப் பாதை சேர்த்து 38க்கு 38 அடி. பந்திக்கு 40 நிமிடம் என்றால் 300 பேர் நாலு பந்தியில், 2 மணி 40 நிமிடத்தில் சாப்பிட்டு எழுவார்கள். 75 பேரும் ஒன்றாக எழுந்து வருவதால் கைகழுவ 8 குழாய் வேண்டும். அதில் இரண்டு பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில். கைகழுவும் தொட்டியில் 3 அங்குலக் கழிவுக்குழாய் வைத்தால் பருக்கை அடைத்துக்கொள்ளும். 4 அங்குலக் குழாயும் அதன் வாய்ப்பக்கம் கம்பி வலையும் வையுங்கள்.

சமையல் கட்டுத் தண்ணீரை மலத்தொட்டியில் விடவே கூடாது. எண்ணெய் மேலே படலமாகத் தேங்கும், சோப்பு அதிகமானால் கழிவை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களின் வேலை கெடும்; தொட்டி சீக்கிரம் நிரம்பும். மூடி போட்ட 3 அடித் தொட்டியில் எண்ணெயைத் தேக்கி, மீதியை வாழைக்குப் பாய்ச்சலாம். 300 பேர் விருந்துக்கு ஆளுக்கு 20 லிட்டர் வீதம் 6,000 லிட்டர் தண்ணீர் கையிருப்பில் இருக்கட்டும். 19 கிலோ கேஸ் சிலிண்டர்களுக்கு வெளிச்சுவரை ஒட்டிக் கம்பிக் கூண்டு.

பந்தல்காரரும் மைக்செட்காரரும் மெயின் போர்டிலேயே ஒயரைச் சொருகுவதற்குக் காரணம், வேறு பிளக் இல்லாததுதான். மேடை ஓரம், கிரைண்டர் பக்கம், வாசல் மூன்றிலும் தனித்தனி எம்சிபியோடு (மின்சுமை கூடினால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்) பவர் பிளக் வைத்துவிட்டால் ஒயர் கருகாது.

வாடகை எல்லாருக்கும் ஒன்றே என்று சுவரிலேயே பெயிண்டில் எழுதுங்கள். முன்பணம், துப்புரவுக் கட்டணம், திருப்பித் தரும் வைப்புத்தொகை மூன்றுக்கும் தனித்தனி ரசீது. வைப்புத்தொகையைத் திருப்பித் தருவதற்கு முன் நாற்காலியை எண்ணி, குழாய்களைத் திறந்து பார்த்துவிட வேண்டும். சாவி இரண்டு பேரிடம், அதில் ஒருவர் பெண்; இருவர் கைபேசி எண்ணும் வாசற்கதவில்.