சிறுநீர் கழிக்க இரவில் 3 முறை எழுகிறீர்களா? முதலில் ஒரு நோட்டில் எழுதுங்கள்

சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி நெல்லிக்காய் அளவில் இருப்பது புராஸ்டேட். 50 வயதுக்கு மேல் பெரும்பாலும் வீங்கும். இது புற்றுநோய் அல்ல. ஆனால் மடையை இறுக்கியதுபோல் தாரை மெலியும்.

டாக்டரிடம் போகுமுன் 3 நாள் கணக்கு எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் போனீர்கள், எத்தனை மில்லி, என்ன குடித்தீர்கள். அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் கப் போதும். தறியில் ராத்திரி ஷிப்ட் பார்ப்பவர்கள் டீயையும் சேர்த்து எழுத வேண்டும். பல நேரம் குற்றவாளி அதுதான். படுப்பதற்கு 2 மணி நேரம் முன்பே குடிப்பதைக் குறையுங்கள். தோட்டத்து வெயிலில் பகல் தண்ணீரைக் குறைப்பது மட்டும் கூடாது, கல் சேரும். போய் முடித்ததும் அரை நிமிடம் நின்று மறுபடி முயலுங்கள்.

சளிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரையில் கவனம் தேவை. ஃபினைல்எஃப்ரின், குளோர்பெனிரமின் இருந்தால் வீங்கிய புராஸ்டேட்காரருக்குச் சிறுநீர் அடியோடு நின்றுவிடலாம். நின்று, அடிவயிறு உப்பினால் அன்றே மருத்துவமனை. குளிர்காய்ச்சலோடு எரிச்சல் வந்தாலும் அப்படியே. ரத்தம் ஒருமுறை வந்து நின்றாலும் காட்டுங்கள்.

புராஸ்டேட்டில் சுரக்கும் புரதத்தை அளக்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனைக்கு 2 நாள் முன்பிருந்து தாம்பத்தியமும் சைக்கிளும் வேண்டாம். புராஸ்டேட்டைச் சுருக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரை சாப்பிட்டால் சொல்லிவிடுங்கள். 6 மாதத்தில் அது பிஎஸ்ஏ அளவைப் பாதியாக்கிக் காட்டும். சிறுநீர் வழியைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரை தொடங்கினால் கட்டிலில் உட்கார்ந்து, பிறகு எழுங்கள், தலை சுற்றும்.