500 கன்றுக்குக் கிடைக்காத நிதி, 140-க்குக் கிடைத்தது

2016 டிசம்பர் 12 அன்று சென்னையில் வர்தா புயல் சாய்த்த மரங்களின் இடம் எங்கள் தெருக்களில் வெறுமையாகவே கிடந்தது. நலச்சங்கம் சார்பில் ஒரு நிறுவனத்திடம் சி.எஸ்.ஆர். நிதி, அதாவது நிறுவனங்கள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம், கேட்டேன். "500 கன்று நடுவோம்" என்று இரண்டு பக்கக் கடிதம். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

முதல் சிக்கல் தாள் வேலைதான். 2021 ஏப்ரலிலிருந்து இந்த நிதியை வாங்கிச் செயல்படுத்தும் அமைப்புக்கு சி.எஸ்.ஆர்.-1 படிவம் வழியாக மத்திய அரசிடம் பெறும் பதிவெண் வேண்டும். வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகளும் கேட்டார்கள். எங்களிடம் எதுவும் இல்லை. இவையெல்லாம் உள்ள ஒரு அறக்கட்டளையுடன் சேர்ந்துகொண்டோம்.

அப்புறம், டேப்பை எடுத்துக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை தெருத் தெருவாக நடந்தோம். ஓரிடத்தில் நடைபாதைக் கல்லைப் பெயர்த்தால் அரை அடிக்குக் கீழே கெட்டியான காங்கிரீட். வேர் எங்கே போகும்? மின்கம்பிக்குக் கீழே, சாக்கடைக் குழாய்க்கு மேலே இருந்த இடங்களையெல்லாம் பட்டியலிலிருந்து அடித்துவிட்டோம். மிஞ்சியது 140 குழி. அகலமான தெருவுக்குப் புங்கன், வேம்பு. குறுகலான இடத்துக்கு மகிழம் என்று புதிய விண்ணப்பத்தில் குழிவாரியாக எழுதினோம். தோண்ட மாநகராட்சியின் அனுமதிக் கடிதத்தையும் இணைத்தோம்.

கன்று விலை சொற்பம். கேட்ட பணத்தில் பாதிக்கு மேல் கூண்டுக்கும், இரண்டு கோடைக்குத் தண்ணீர் லாரிக்கும், பட்டுப்போனால் மாற்றி நடவும்தான். இதைத்தான் நிதி தந்தவர்கள் முதலில் படித்தார்கள். பணம் இரண்டு தவணையாக வந்தது. முதல் கோடை முடிந்ததும் குழி குழியாக எண்ணினோம்: 121 உயிரோடு.